விமானத்தின் உதிரிபாகம் விமானத்திலேயே சரக்காகப் போனால் என்ன ஆபத்து?

2025 ஜூன் மாதம் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் போர் விமானத்தை மறந்திருக்க மாட்டீங்க. ஜூன் 14-ம் தேதி அவசரமாகத் தரையிறங்கிய அந்த எஃப்-35பி, ஹைட்ராலிக் கோளாறால் கிளம்ப முடியாமல் மழையில் நனைந்துகொண்டு நின்றது. கேரள சுற்றுலாத் துறையே அதை வைத்து மீம் போட்டது. ஜூலை 6-ம் தேதி ஏ400எம் ராணுவ விமானத்தில் பொறியாளர்களும் கருவிகளும் வந்து இறங்கினார்கள். ஜூலை 22-ம் தேதிதான் அது பறந்து போனது.

பார்த்துச் சிரித்திருப்போம். ஆனால் இதே கதை, சின்ன அளவில், பயணிகள் விமானங்களுக்கும் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

நகரி, புத்தூர், விஜயபுரம் பக்கம் ஊர் இருக்கிறவர்களுக்கு ரேணிகுண்டா, மீனம்பாக்கம் இரண்டு விமான நிலையமும் தோதுதான். ரேணிகுண்டாவில் இறங்கிய ஒரு விமானத்தில் ஏதோ ஒரு வால்வு பழுது என்று வைத்துக்கொள்வோம். சின்ன நிலையங்களில் எல்லா உதிரிபாகத்தையும் யாரும் இருப்பு வைக்க மாட்டார்கள். பாகம் சென்னையிலிருந்து வேனில் வரணும், இல்லையென்றால் ஹைதராபாத்திலிருந்து அடுத்த விமானத்தின் வயிற்றில் வரணும். "தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம்" என்ற அறிவிப்புக்குப் பின்னால் பல நேரம் இந்தக் காத்திருப்புதான் இருக்கும். இப்படித் தரையில் நிற்கும் விமானத்துக்குத் துறையில் ஏஓஜி என்று பெயர். அந்த மூன்று எழுத்து ஒட்டிய பெட்டிக்கு எங்கும் முன்னுரிமை. மற்ற சரக்கு காத்திருக்கும், இது ஏறிவிடும்.

அவசரம் இருக்கும் இடத்தில்தான் தவறும் நடக்கும். அதற்குப் போவதற்கு முன், எஞ்சின் எப்படிப் போகும் என்று ஒரு வார்த்தை.

இப்போது எஞ்சினைத் தனி ஸ்டாண்டில் பூட்டி, ஏர் சஸ்பென்ஷன் உள்ள லாரியில் ஏற்றுகிறார்கள். சாலைக் குலுக்கலில் உள்ளே இருக்கும் பேரிங்கில் தழும்பு விழுந்துவிடும் என்ற பயம்தான் காரணம். பழைய 747-ல் இன்னொரு வழியும் இருந்தது: இறக்கைக்கு அடியில், உடலுக்குப் பக்கத்தில், ஓடாத ஐந்தாவது எஞ்சினைத் தொங்கவிட்டுப் பறப்பது. 1985 ஜூனில் டொராண்டோவிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா 182, அதாவது 'கனிஷ்கா', அப்படித்தான் ஒரு பழுதான எஞ்சினைச் சுமந்துகொண்டு வந்தது. அதன் சில பாகங்கள் பின்பக்கச் சரக்கு அறையில் கிடந்தன. அதை ஏற்றும் வேலையில் விமானம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கிட்டத்தட்டத் தாமதமானது. 329 பேரைக் கொன்றது பெட்டியில் வைத்த குண்டு. எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த விமானத்தைப் பற்றிய விசாரணைப் பக்கங்களில் ஐந்தாவது எஞ்சினும் வந்துகொண்டே இருக்கும்.

உதிரிபாகமே விமானத்தை வீழ்த்திய சம்பவம் வேறு. 1996 மே 11, அமெரிக்காவின் மயாமி.

வேல்யூஜெட் நிறுவனத்தின் விமானங்களைப் பராமரித்த சேபர்டெக் என்ற ஒப்பந்த நிறுவனம், அவற்றிலிருந்து காலாவதியான ஆக்சிஜன் ஜெனரேட்டர்களைக் கழற்றியிருந்தது. உங்கள் தலைக்கு மேலே மாஸ்க் விழுமே, பல விமானங்களில் அதற்குக் காற்று கொடுப்பது இந்தச் சின்ன உருளைதான். உள்ளே சோடியம் குளோரேட் இருக்கும். மாஸ்க்கை இழுத்ததும் வேதிவினை தொடங்கி ஆக்சிஜன் வரும். கூடவே உருளையின் வெளிப்பக்கம் 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். காலாவதி ஆனாலும் மருந்து உள்ளேதான் இருக்கும்.

கழற்றியவுடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் பாதுகாப்பு மூடி போடணும். பட்டறையில் மூடி இல்லை. போட்டாச்சு என்று வேலை அட்டையில் கையெழுத்து மட்டும் விழுந்தது. பெட்டிகள் சில நாள் ஒரு மூலையில் கிடந்தன. வேறொரு வாடிக்கையாளர் பட்டறையைப் பார்க்க வருகிறார், இடத்தைச் சுத்தம் பண்ணுங்க என்று உத்தரவு வந்தது. ஸ்டோர் ஊழியர் அவற்றை அட்லாண்டாவுக்கு, வேல்யூஜெட்டுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தார். ஐந்து அட்டைப்பெட்டி, மூன்று டயர். அனுப்புச் சீட்டில் ஆக்சிஜன் உருளைகள் என்று எழுதி, பக்கத்தில் 'காலி' என்று மேற்கோள்குறிக்குள் போட்டார்கள்.

எண்களோடு பழகும் வேலை எனக்கு. இந்த விபத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஒரு சொல்.

வேல்யூஜெட் 592 கிளம்பிச் சுமார் பத்தே நிமிடத்தில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 110 பேரும் இறந்தார்கள். அந்தச் சரக்கு அறையில் புகை காட்டும் கருவி இல்லை, தீயணைப்பு வசதியும் இல்லை. காற்று புகாத அறை, தீப்பிடித்தால் ஆக்சிஜன் தீர்ந்து தானே அணைந்துவிடும் என்பதுதான் வடிவமைத்தவர்களின் கணக்கு. எரிந்த சரக்கோ தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தயாரித்துக்கொண்டிருந்தது.

இங்கே பலருக்கும் ஒரு கேள்வி வரும். இவ்வளவு ஆபத்தான பொருளை எல்லா இருக்கைக்கும் மேலே ஏன் வைத்திருக்கிறார்கள்? பொருத்திய இடத்தில் அது வெப்பத் தடுப்போடு, அசையாமல், சோதிக்கப்பட்ட அமைப்புக்குள் இருக்கிறது. விமானத்தில் பொருத்தியிருக்கும்போது அதற்குச் சரக்கு விதிகள் கிடையாது. கழற்றிப் பெட்டிக்குள் வைத்த நொடியில் அது ஆபத்தான சரக்கு. மாற்றுப் பாகமாகக் கொண்டுபோனாலும் அப்படித்தான். இன்று பயணிகள் விமானத்தில் ரசாயன ஆக்சிஜன் ஜெனரேட்டரைச் சரக்காக ஏற்றவே கூடாது. இந்தியாவில் இதற்கெல்லாம் அடிப்படை 2003-ம் ஆண்டின் ஆபத்தான சரக்கு விதிகள், மேற்பார்வை டிஜிசிஏ.

ஆபத்து ஆக்சிஜனோடு முடியவில்லை. கழற்றிய எரிபொருள் பம்பில் கொஞ்சம் எரிபொருள் தங்கியிருக்கும். தீயணைப்பு பாட்டிலில் அழுத்த வாயு இருக்கும். அவசரச் சறுக்குப் பாதையில் வாயு சிலிண்டர், லைஃப் ஜாக்கெட்டில் குட்டி சிலிண்டர். சேதமான டயரில் காற்றை முழுசா இறக்கணும். லித்தியம் பேட்டரி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காகிதத்தின் கதை இன்னொரு பக்கம். டிஜிசிஏவின் சிஏ படிவம் 1 அல்லது அதற்கு இணையான அமெரிக்க, ஐரோப்பியச் சான்று இல்லாவிட்டால், புத்தம் புது வால்வும் விமானத்தில் ஏறாது. அதனால்தான் போலிச் சான்று போடுகிறார்கள். 2023-ல் லண்டனின் ஏஓஜி டெக்னிக்ஸ் விற்ற எஞ்சின் பாகங்களின் சான்றுகள் போலி என்று தெரிந்ததும், பல நாட்டு விமான நிறுவனங்கள் எஞ்சின்களைத் திறந்து தேட வேண்டியிருந்தது.

உங்களில் சிலர் ஸ்ரீசிட்டியிலோ ஒரகடத்திலோ லாஜிஸ்டிக்ஸ் வேலையில் இருப்பீங்க. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐஏடிஏவின் விதிப்புத்தகத்தில் 'மறைந்திருக்கும் ஆபத்துகள்' என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஏஓஜி உதிரிபாகமும் இருக்கிறது. அதனால் 'விமான பாகங்கள்' என்று மட்டும் எழுதிய பெட்டி கவுன்ட்டருக்கு வந்தால் ஊழியர் கேட்கணும்: ஆக்சிஜன் இருக்கா, பேட்டரி இருக்கா, எரிபொருளை வடிச்சாச்சா? "எல்லாம் காலிதான் சார்" என்று பதில் வந்தால், காலி என்று யார், எப்போது சோதித்தார்கள் என்பது அடுத்த கேள்வி.