அபினும் மூளையும்

அபினும் அதன் வழிவந்த ஹெரோயினும் மனிதனை அடிமை கொள்வது எங்ஙனம்? அபினை ஒத்த சில பொருள்கள் நம் மூளையிலேயே தோன்றுகின்றன. அவற்றை ஏற்கும் வாங்கிகளும் ஆங்குள. வாங்கிகள் உண்டென்பது 1973 ஆம் ஆண்டிலும், அப்பொருள்களுள் ஒன்றாகிய என்கெபலின் 1975 ஆம் ஆண்டிலும் வெளியாயின. ஹெரோயின் அவ்வாங்கிகளைப் பற்றி நரம்புக் கலங்களை அடக்குகின்றது. நாளடைவில் கலங்கள் அவ்வடக்குதலுக்கு ஈடுகொடுத்து முனைப்படைகின்றன. முன்னைய அளவு போதாதாகின்றது. ஹெரோயின் திடீரென நிற்பின், தடை நீங்கிய அக்கலங்கள் கட்டுமீறிக் கிளர்கின்றன. வியர்வை, நடுக்கம், வயிற்றோட்டம், உறக்கமின்மை யாவும் அக்கிளர்ச்சியின் விளைவுகளே.

இத்துன்பம் பெரும்பாலும் ஒரு வாரமளவில் தணியும். மகன் மீண்டான் என வீட்டார் மகிழ்வர். பேரபாயம் அதன் பின்னரே உளது. உடல் பழைய தாங்குஞ் சக்தியை இழந்துவிட்டது. வேட்கையோ மூளையில் மறையவில்லை. முன்னைய அளவை ஒருமுறை மீண்டும் எடுப்பினும் மூச்சடங்கி உயிர் நீங்கலாம்.

ஆதலின், மெதடோன் அல்லது பியூபிரனோர்பினை வைத்தியர் மேற்பார்வையில் நெடுநாள் வழங்குவர். ஒரு நஞ்சுக்கு மற்றொரு நஞ்சோ எனச் சிலர் ஐயுறுவர். அளவறிந்து கொடுக்கப்படும் இம்மருந்துகள் அதே வாங்கிகளில் நெடுநேரம் நின்று வேட்கையைத் தணிப்பன. இவற்றைப் பெறுவோரிடை இறப்புக் குறைகின்றமையும் கண்கூடு. மீண்ட இளைஞனை வரவேற்போர், அவன் மருந்தை இழிவெனக் கருதி நிறுத்திவிடாதிருப்பாராக.