டயருக்குள் ஒரு களி உருண்டை

தருமபுரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சில வருடமாக எம்.டி.பி. (மவுண்டன் பைக்) சைக்கிள் ஓட்டுகிறேன். லீவு நாளில் வத்தல்மலை ஏறுவேன். அடுத்து ரோடு பைக் வாங்க ஆசை. கடையில் கார்பன் ஃபிரேம்தான் மலைக்கு லேசு என்கிறார்கள். உண்மையா சார்?”

உண்மைதான். ஆனால் எவ்வளவு லேசு என்று கடையில் சொல்ல மாட்டார்கள். ஆளும் வண்டியுமாக 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமினிய ஃபிரேமை விட்டு கார்பனுக்குப் போனால் அதிகம் போனால் ஒரு கிலோ மிச்சமாகும். ஐம்பது நிமிட ஏற்றத்தில் அதனால் கிடைப்பது அரை நிமிடம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அடிவாரத்தில் வைத்துவிட்டுப் போனாலும் அதே அரை நிமிடம் கிடைக்கும், காசில்லாமல். ‘காற்றைக் கிழிக்கும் வடிவமைப்பு’ என்ற விளம்பரமும் அப்படித்தான். கொண்டை ஊசி வளைவில் ஏழு கிலோமீட்டர் வேகத்தில் மூச்சு வாங்குகிறவருக்குக் கிழிக்க அங்கே காற்று எதிர்ப்பு கிட்டத்தட்ட இல்லை.

அப்படியானால் காசு எங்கே வேலை செய்யும்? டயரில்.

தருமபுரிக்காரருக்குக் கேழ்வரகுக் களியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர் பந்தைத் தரையில் போட்டால் எம்பி வருகிறது. களி உருண்டை போட்ட இடத்திலேயே அமர்ந்துவிடுகிறது. விழுந்த ஆற்றல் முழுவதையும் அதுவே விழுங்கிவிடுகிறது. டயர் இரண்டுக்கும் நடுவே நிற்கிற ஜாதி. உருளும்போது தரையைத் தொடும் பகுதி நசுங்கும், தரையை விட்டதும் நிமிரும். நசுக்க நாம் கொடுத்ததை அது அப்படியே திருப்பித் தருவதில்லை. கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு வெப்பமாக்கிவிடுகிறது. இயற்பியலில் இதன் பெயர் ஹிஸ்டெரிசிஸ். எம்.டி.பி. டயரின் தடித்த ரப்பர் பற்கள் ஒவ்வொன்றும் தார்ச்சாலையில் வளைந்து வளைந்து நிமிர்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் களி உருண்டை. நம் உழைப்புதான் அதற்குக் குழம்பு.

கணக்கைப் பாருங்கள். நல்ல ரோடு டயரின் உருளல் எதிர்ப்பு, சுமக்கும் எடையில் ஆயிரத்தில் நான்கு பங்கு. பல் வைத்த டயருக்கு அது பத்தைத் தாண்டும். 90 கிலோவுக்கு வித்தியாசம் ஐந்தரை நியூட்டன் போல வரும். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாலையில் இது ஏழு கிலோ எடையைக் குறைத்ததற்குச் சமம். கார்பன் தந்தது ஒரு கிலோ!

காற்றடைத்த டயரின் கதை தெரிந்ததுதான். 1845-இல் தாம்சன் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவர் டன்லப் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி செய்தார், பெயரைத் தட்டிக்கொண்டு போனார். பின்னாளில் நம் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையும் டன்லப் தொழிற்சாலையும் அக்கம்பக்கத்தில் இயங்கின. வரலாறு இவ்வளவு போதும்.

அடுத்து, ரோடு பைக் என்றாலே ஒல்லி டயர், கல் மாதிரி காற்று என்றொரு நம்பிக்கை. பின்சக்கரம் 110 பவுண்டு சுமக்கிறது, டயரில் 55 பி.எஸ்.ஐ. காற்று இருக்கிறது என்றால் தரையைத் தொடும் பரப்பு சுமார் இரண்டு சதுர அங்குலம். டயர் ஒல்லியோ அகலமோ, பரப்பு அதேதான், வடிவம்தான் மாறும். ஒல்லி டயரில் நீளமாகவும், அகல டயரில் குட்டையாகவும் இருக்கும். நீளமாகத் தொட்டால் பக்கச் சுவர் அதிகம் மடங்க வேண்டியிருக்கும். அதனால் காற்றழுத்தம் ஒன்றாக இருக்கும்வரை அகல டயர்தான் சுலபமாக உருளும். 23 மில்லிமீட்டரில் ஓட்டிக்கொண்டிருந்த பந்தய வீரர்கள் இன்று 28-க்கும் அதற்கு மேலும் போயிருப்பது சும்மா இல்லை.

சரி, காற்றை இன்னும் ஏற்றினால்? ஆய்வுக்கூடத்தின் வழவழப்பான உருளையில் ஏற்ற ஏற்ற நல்லதாகவே தெரியும். ஜல்லி பெயர்ந்த மலைச்சாலையில் கதை மாறுகிறது. டயர் வளைய மறுத்தால் ஒவ்வொரு கல்லும் வண்டியையும் ஆளையும் தூக்கிப்போடும். தொடை, வயிறு, தோள் எல்லாம் குலுங்கி அந்த ஆற்றலைத் தின்னும். அதாவது களி உருண்டை டயரிலிருந்து சீட்டுக்கு இடம் மாறிவிட்டது. களி தின்று வளர்ந்த உடம்பு என்பதால் அதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை.

ஆகவே வாசகருக்கு: இருக்கிற எம்.டி.பி.யிலேயே முதலில் பல்லில்லாத டயர் மாட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ரோடு பைக் ஆசை போகவில்லை என்றால், 32 மில்லிமீட்டர் டயர் உரசாமல் சுற்றுமா என்று ஃபோர்க்கில் இடம் பாருங்கள். பின்பக்கப் பல்சக்கரங்களில் பெரியதன் பற்களை எண்ணுங்கள். முன்னால் 34, பின்னால் 28 பல் என்றால் நான் சொன்ன ஏழு கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் நாற்பத்தைந்து மிதிதான் வரும்; முழங்கால் திட்டும். பின்னால் 34 இருந்தால் ஐம்பத்தைந்து போல வரும். உங்கள் எம்.டி.பி.யின் 22-க்கு 34 அதற்கும் எளிது. அதை எந்த ரோடு பைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் கூடக் காசு கொடுக்கலாம். 600 மீட்டர் உயரத்திலிருந்து 90 கிலோ இறங்கினால் 530 கிலோஜூல் எங்காவது போயாக வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற வெப்பம் அது. நேர்ச்சாலையில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கிற வத்தல்மலையில் அது பிரேக் தலையில்தான் விழும். ரிம் பிரேக் என்றால் அந்தச் சூடு டியூபுக்குப் பக்கத்திலேயே ஏறும்.