மீன் பெட்டி அடுக்கியவர் மஞ்சள் சட்டை போட்ட கதை தெரியுமா?

கோட்டைப்பட்டினத்தில் விடியற்காலை மீன் இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? விசைப்படகு கரை அணைந்ததும் நண்டு தனி, இறால் தனி, கணவாய் தனி என்று ரகம் பிரிப்பார்கள். பெட்டிக்குள் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு ஐஸ். ஏலம் முடிந்த கையோடு சைக்கிள் வியாபாரி ஒருவர் பெட்டியைக் கேரியரில் ஏற்றி, பழைய டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டி, ஊருக்குள் மிதிப்பார். ஐஸ் தண்ணீர் பின்சக்கரத்தில் சொட்டிக்கொண்டே போகும்.

இப்படி மீனையும் ஐஸையும் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்த ஓர் இளைஞர், உலகின் மிகக் கடினமான சைக்கிள் போட்டியை 2 முறை வென்றிருக்கிறார். தெரியுமா?

அவர் பெயர் யோனாஸ் விங்கேகோர். நாடு டென்மார்க். அங்கே வடகடல் ஓரத்தில் ஹான்ஸ்தோல்ம் என்று பெரிய மீன்பிடித் துறைமுகம் ஒன்று உண்டு. அங்குள்ள மீன் ஆலையில் காலையில் வேலை, மதியத்துக்கு மேல் சைக்கிள் பயிற்சி. அந்தக் கைதான் 2022 ஜூலையிலும் 2023 ஜூலையிலும் பாரிஸில் கோப்பையைத் தூக்கியது!

அவர் வென்ற டூர் டி பிரான்ஸ் எப்பேர்ப்பட்ட போட்டி என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். மொத்தம் 21 கட்டங்கள். இடையில் 2 நாள் மட்டும் ஓய்வு. 3,000 கிலோமீட்டருக்கு மேல் மிதிக்க வேண்டும். கன்னியாகுமரியில் ஏறி உட்கார்ந்தால் டெல்லியைத் தாண்டிவிடும் தூரம். மலைக் கட்டங்களில் ஒரே நாளில் 5,000 கலோரிக்கு மேல் உடம்பு எரித்துவிடும். தினமும் ஆகும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, கடைசியில் யாருக்கு மொத்த நேரம் குறைவோ அவருக்கே வெற்றி. ஒரு கட்டத்தைக்கூட முதலாவதாக முடிக்காமல் முழுப் போட்டியையும் வெல்லலாம். 20 நாள் பிரமாதமாக ஓட்டிவிட்டு, 21ஆம் நாளில் எல்லாவற்றையும் இழக்கவும் செய்யலாம்.

இதைப்போல மூன்று வாரம் நடக்கும் பெரிய போட்டிகள் மொத்தம் மூன்றே மூன்றுதான். மே மாதம் இத்தாலியில் ஜிரோ, ஜூலையில் டூர், ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஸ்பெயினில் வுல்டா. ஜிரோ நடக்கும் மே மாதத்தில் நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளெல்லாம் கரையில் நிற்க, வலை பின்னிக்கொண்டே செல்போனில் இத்தாலிய மலைகளைப் பார்க்க அதைவிடத் தோதான காலம் ஏது?

இவர் ஜெயிப்பார், இவரால் முடியாது என்று ஆளாளுக்குக் கணிப்பது சைக்கிள் ரசிகர்களின் பெரிய பொழுதுபோக்கு. விங்கேகோர் விஷயத்தில் அந்தக் கணிப்பு எத்தனை முறை தலைகீழானது என்று பாருங்கள். 2019 போலந்துப் போட்டியில் ஒரு கட்டத்தை வென்று முதலிடம் பிடித்தார். மறுநாளே அதைக் கோட்டைவிட்டார். ஆள் திறமைசாலிதான், ஆனால் நெஞ்சுறுதி போதாது என்று முத்திரை விழுந்தது. 2020இல் முதல் வுல்டா. தன் அணித் தலைவர் ரோக்லிச்சுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, காற்றை மறைத்து, மலையில் இழுத்துவிட்ட உதவியாளராக ஓட்டி 46ஆம் இடத்தில் முடித்தார். நாற்பத்தாறு! அப்போது அவர் பெயரை யார் குறித்து வைத்திருப்பார்கள்?

2021 டூரில் அவருக்கு இடம் கிடைத்ததே, அணியின் இன்னொரு நட்சத்திரமான டாம் டூமூலன் பந்தயத்திலிருந்து சிறிது காலம் ஒதுங்கிக்கொண்டதால்தான். போட்டி தொடங்கிய முதல் வாரத்திலேயே ரோக்லிச் விழுந்து அடிபட்டு விலகினார். தலைவர் இல்லாத அணியில் தண்ணீர் சுமந்தவர் முன்னால் வந்தார். மோன் வெந்தூ மலையில், அதுவரை யாரும் அசைக்க முடியாத தாதேய் பொகாச்சரை ஏற்றத்தில் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போனார். இறக்கத்தில் பொகாச்சர் வந்து பிடித்துவிட்டார் என்பது வேறு விஷயம். அந்தச் சில நிமிடங்களில் உலகமே தன் கணக்கை அழித்துவிட்டு மறுபடி எழுதியது. முடிவில் அவருக்கு 2ஆம் இடம்.

அடுத்த வருடம், 2022 ஜூலை 13. கோல் டு கிரானோன், 2,413 மீட்டர் உயரம். அதற்கு முந்தைய மலையிலேயே ரோக்லிச் ஒரு பாய்ச்சல், விங்கேகோர் ஒரு பாய்ச்சல். கரைவலையின் இரண்டு கயிற்றையும் இரண்டு பக்கமிருந்து இழுப்பதைப்போல இருவரும் மாறி மாறிப் பொகாச்சரைக் களைக்கச் செய்தார்கள். கிரானோன் ஏற்றத்தில் வலை இறுகியது. மீன் ஆலைப் பையன் தனியாகப் பறந்தார். பொகாச்சர் அந்த ஒரே நாளில் 2 நிமிடம் 51 விநாடி இழந்தார். முன்னிலையில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டை கை மாறியது!

இன்னொரு வியப்பும் இருக்கிறது. அவருக்கு முன் டூரை வென்ற டென்மார்க்காரர் பியார்ன ரீஸ் ஒருவர்தான். ஆண்டு 1996. விங்கேகோர் பிறந்தது அதே 1996 டிசம்பரில்! ரீஸ் ஊக்கமருந்து எடுத்ததை 2007இல் தானே ஒப்புக்கொண்டார். கணிப்பை மேல்நோக்கி மட்டும் அல்ல, இப்படிக் கீழ்நோக்கியும் ரசிகர்கள் திருத்த வேண்டியிருக்கிறது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் 7 டூர் பட்டங்களும் 2012இல் ஒரேயடியாகப் பறிக்கப்பட்டதை மறக்க முடியுமா?

கிறிஸ் ஃப்ரூம் கதையில் இதற்கு மறுபக்கம். கென்யாவில் நைரோபியில் பிறந்தவர். 2011 வுல்டாவுக்குக் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டார்; அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கிடைக்குமா என்பதே சந்தேகமாக இருந்த ஆள். 13 விநாடியில் தோற்று 2ஆம் இடம். 8 வருடம் கழித்து, 2019இல், வென்றவரின் பட்டம் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக ரத்தாகி ஃப்ரூமிடம் வந்தது. அதற்குள் அவர் 4 டூர்களை வென்று முடித்திருந்தார்!

ரோக்லிச் பெயர் மேலே வந்ததே, அவர் முதலில் சைக்கிள்காரரே இல்லை, தெரியுமா? பனிச்சறுக்கு மேடையிலிருந்து காற்றில் தாவும் ஸ்கை ஜம்பிங் வீரர். 2007இல் ஸ்லோவேனிய ஜூனியர் அணியில் உலகத் தங்கம். இருபது வயதைத் தாண்டிய பிறகுதான் பந்தய சைக்கிளில் ஏறினார். 2020 டூரில் கடைசிக்கு முந்தின நாள் வரை 57 விநாடி முன்னிலை; ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு மோதும் நேரப் போட்டியில், அந்த ஒரே நாளில், 21 வயதுப் பொகாச்சரிடம் மொத்தத்தையும் பறிகொடுத்தார். அவ்வளவுதான், முடிந்தது என்றார்கள். ஆனால் 2023 ஜிரோவின் மலையேற்ற நேரப் போட்டியில் நடந்ததைக் கேளுங்கள். 26 விநாடி பின்தங்கியிருந்தவர், பாதி ஏற்றத்தில் செயின் கழன்று நின்றுவிட்டார்! இறங்கி, குனிந்து, செயினை மாட்டி, மறுபடி ஏறினார். செங்குத்தான சாலையில் சைக்கிள் நகர மறுக்கிறது. கூட்டத்திலிருந்து ஒருவர் ஓடிவந்து முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார். யார் தெரியுமா? அதே 2007 ஸ்கை ஜம்பிங் தங்க அணியின் பழைய தோழர்! அப்படியும் ரோக்லிச் அந்த நாளை வென்று, 14 விநாடி வித்தியாசத்தில் ஜிரோவையும் வென்றார்.

விநாடி என்றதும் 1989 நினைவுக்கு வராமல் இருக்காது. அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் 1987இல் வேட்டைக்குப் போன இடத்தில் தவறுதலாகச் சுடப்பட்டார். முப்பதுக்கும் மேற்பட்ட ரவைகள் உடம்பிலேயே தங்கிவிட்டன. இதயத்தைச் சுற்றிய உறையில்கூட. ரசிகர்கள் அவரைக் கணக்கிலேயே வைக்கவில்லை. 1989 டூரின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர். முன்னிலையில் இருந்த ஃபின்யோனைவிட 50 விநாடி பின்னால் இருந்தார். இத்தனை குறைந்த தூரத்தில் அதை எட்டவே முடியாது என்பது எல்லோரும் சொன்ன தீர்ப்பு. கைப்பிடியில் புதுமாதிரி நீள்கம்பி பொருத்தி, முதுகை மடக்கி, காற்றுக்குத் தலைகுனிந்து அவர் மணிக்கு 54 கிலோமீட்டருக்கு மேல் பறந்தார். 3,285 கிலோமீட்டர் ஓட்டிய பின் அவர் வென்ற வித்தியாசம் 8 விநாடி. சைக்கிள் பூட்டைத் திறந்து ஸ்டாண்டைத் தட்டிவிடும் நேரம்! டூர் வரலாற்றில் இதைவிடச் சிறிய வித்தியாசத்தில் யாரும் வென்றதில்லை.

காற்று என்றால் நம் கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்து அழைப்பவர்கள். பந்தய சைக்கிளிலும் பக்கக்காற்று அடித்தால் ஆட்டமே மாறும். ஒருவர் பின் ஒருவராகப் போனால் மறைவு கிடைக்காது. சாலையின் குறுக்கே சாய்வாக வரிசை கட்டுவார்கள். அந்த வரிசையில் இடம் பிடிக்காதவர் கதை முடிந்தது. 2013 டூரில் ஒரு சமதளக் கட்டத்தில், மொத்த வரிசையில் 2ஆம் இடத்தில் இருந்த வால்வெர்தே, டயர் பழுதாகிப் பின்தங்கிய நேரம் பார்த்துக் காற்றும் அடிக்க, ஒரே நாளில் ஏறக்குறைய 10 நிமிடம் இழந்தார். மலையே இல்லாத நாளில்! கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றில் மீன் பெட்டியோடு மிதிப்பவருக்கு இந்த வேதனை நன்றாகப் புரியும். டூர் சைக்கிளின் எடைக்கு விதிப்படி கீழ்வரம்பு 6.8 கிலோ. நம் வியாபாரியின் சைக்கிள் மட்டுமே சுமார் 20 கிலோ, மீனும் ஐஸும் தனி.

இனிச் சொல்லப்போவதுதான் என் மனதுக்கு மிக நெருக்கமானது.

‘இவரால் முடியாது’ என்ற கணிப்பை நம் புதுக்கோட்டை மாவட்டமே ஒருமுறை புரட்டிப்போட்டிருக்கிறது. 1990களின் தொடக்கம், அறிவொளி இயக்கக் காலம். ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களிடம் கொண்டுபோனார்கள். கிராமம் கிராமமாகப் பயிற்சி. சேலையை வரிந்து செருகி, ஒருவர் பின்கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓட, விழுந்து முழங்கால் சிராய்த்து, மறுபடி ஏறிக் கற்றவர்கள் ஒரு லட்சம் பேருக்கும் மேல்! லேடீஸ் சைக்கிள் கிடைக்காத தட்டுப்பாட்டில் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். சிலர் அதைத்தான் விரும்பவும் செய்தார்கள். ஏன் தெரியுமா? முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக் கொண்டுபோகலாம்! இதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுத, அது 8ஆம் வகுப்பு இந்திப் பாடநூலில் பாடமாக இடம்பெற்றது. நம் மாவட்டத்துப் பெண்கள் மிதித்ததை வட இந்தியப் பிள்ளைகள் பள்ளியில் படித்தார்கள்.

பெண்களும் மூன்று வாரப் பந்தயமும் என்றால், 1924 ஜிரோவில் ஆண்களோடு ஓட்டிய அல்ஃபோன்சினா ஸ்திராதாவைச் சொல்லியே ஆகவேண்டும். வழியில் கைப்பிடி உடைந்துபோக, துடைப்பக் கட்டையைச் செருகிக்கொண்டு ஓட்டினார்! நேர வரம்பைத் தாண்டிவிட்டதால் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் விடாமல் மிலான் வரை போய்ச் சேர்ந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைப்பாதை சைக்கிளில் தங்கம் வாங்கிய போலின் ஃபெரான் ப்ரெவோ, சாலைப் பந்தயத்துக்குத் திரும்பிய முதல் ஆண்டிலேயே, 2025இல், பெண்கள் டூரை வென்றார். அது நடக்க 3 வருடம் ஆகலாம் என்றே அவர் இலக்கு வைத்திருந்தார்.

நம் விங்கேகோருக்கு வருவோம். 2024 ஏப்ரலில் ஸ்பெயினில் பயங்கரமாக விழுந்தார். காறை எலும்பு முறிவு, விலா முறிவு, நுரையீரல் பாதிப்பு, 12 நாள் மருத்துவமனை. ரசிகர்கள் மறுபடியும் அவரைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். அதே ஜூலையில் டூருக்கு வந்து, பொகாச்சரை ஒரு கட்டத்தில் கடைசிக் கோட்டருகே முந்தி, மொத்தத்தில் 2ஆம் இடம். 2025இல் வுல்டாவே அவர் கையில்!

அடுத்த ஜூலையில் டூர் நடக்கும்போது, நம் நேரப்படி இரவு 9 மணி வாக்கில் கட்டம் முடியும் சமயம், கொஞ்சம் செல்போனைத் திறந்து பாருங்கள். முதலில் வருபவரை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் 46ஆம் இடத்தில், தலைவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவரின் பெயரையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.