மார்கழிச் சோர்வுக்கு ஆண்டாள் காட்டும் வழி

மார்கழி பிறந்தால் போர்வையை விட்டு எழ மனம் வருவதில்லை. பகலும் குறைவு. தனியாக இருக்கும் முதியவர்கள் வீட்டு மூலையிலேயே முடங்கிவிடுகிறார்கள்.

நமக்காவது சுமார் 11½ மணி நேரப் பகல் உண்டு. நார்வே நாட்டின் திராம்சோ நகரில் சுமார் 2 மாதம் சூரியன் உதிப்பதே இல்லை! வெளிச்சம் குறையும் குளிர்காலத்தில் சிலருக்கு மனச்சோர்வு வருவதை 1984-ல் அமெரிக்க டாக்டர் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் விளக்கினார்கள். காலை வெளிச்சம் அதற்கு நல்ல மருந்து.

இராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவர் ஆண்டாள். அவருடைய திருப்பாவையில் 30 பாடல்கள். மார்கழியில் நாளுக்கு ஒன்று பாடுவது வழக்கம். அவற்றில் 6 முதல் 15 வரையுள்ள 10 பாடல்கள், தூங்கும் தோழிகளை எழுப்புபவை. முதலில் எழுந்த பெண்கள் தாங்கள் மட்டும் நீராடப் போய்விடவில்லை. வீடு வீடாக நின்று, தூங்குகிறவர்களையும் கூப்பிடுகிறார்கள்!

நாமும் அப்படியே செய்யலாம். விடியுமுன் எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போடுங்கள். வெயில் வந்ததும் சற்று நடங்கள். போகும்போது பக்கத்து வீட்டுப் பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள். இரண்டு வாரம் ஆகியும் சோர்வு தீராவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

உடம்புக்குக் கம்பளி போதும். மனத்துக்கோ, “எழுந்து வாங்க” என்று வாசலில் கேட்கும் ஒரு குரல் வேண்டும்!