இரண்டு ஜூன் பத்துகள்

1964 ஜூன் 9, இரவு 7 மணி 38 நிமிடம். வாஷிங்டனில் செனட் சபையில் மேற்கு வர்ஜீனியாவின் உறுப்பினர் ராபர்ட் பேர்ட் பேச எழுந்தார். உட்கார்ந்தபோது மறுநாள் காலை 9:51 ஆகியிருந்தது. கறுப்பின மக்களுக்கு உணவகத்திலும் விடுதியிலும் வேலையிலும் சம இடம் தரும் சிவில் உரிமை மசோதா அப்போது சபையின் முன் இருந்தது. அதை வாக்கெடுப்புக்கு வரவிடாமல் தடுக்க, தென்மாநில உறுப்பினர்கள் மாதக்கணக்கில் மாறிமாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து அன்றிரவு பேர்ட் பேசியது 14 மணி 13 நிமிடம்.

2010 ஜூன் 10. அதே சபை, அதே மனிதர். வயது 92. நிலக்கரி முதலியவற்றிலிருந்து வரும் பசுமைக்குடில் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசின் சுற்றுச்சூழல் துறையிடமிருந்து பறிக்க ஒரு தீர்மானம் வந்தது. நிலக்கரி மாநிலத்தவரான பேர்ட் அதை எதிர்த்து வாக்களித்தார். அதே மாநிலத்தின் இன்னொரு செனட்டரும் அதே ஜனநாயகக் கட்சிக்காரருமான ஜே ராக்கஃபெல்லர் ஆதரித்தார். 47க்கு 53 என்று தீர்மானம் தோற்றது. பதினெட்டு நாள் கழித்து, ஜூன் 28 அன்று, பேர்ட் இறந்தார்.

இடையில் 46 ஆண்டுகள். ஒரு மனிதர் மாறினாரா, காலம் அவரை மாற்றியதா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு வசதி உண்டு: பெயர் அழைத்து எடுக்கும் வாக்கெடுப்பில் ஒவ்வொரு செனட்டரும் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு பதிவாகிக் கிடக்கிறது. நம் ஊரில் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகும் என்பதால், தனி உறுப்பினரின் வாக்குக்கு என்று ஒரு வரலாறு கிடையாது. பேர்டுக்கு உண்டு. 18,689 வாக்குகள். அப்படி நடந்த வாக்கெடுப்புகளில் சுமார் 98 விழுக்காட்டில் அவர் இருந்திருக்கிறார்.

அவர் பிறந்தது 1917இல், வட கரோலினாவில். மறு ஆண்டு பரவிய விஷக்காய்ச்சலில் தாய் இறக்க, அத்தை வீட்டில் விட்டார்கள். வளர்ந்தது மேற்கு வர்ஜீனியாவின் ராலே மாவட்டத்தில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில். வளர்த்த மாமா நிலக்கரி வெட்டியவர். பள்ளியில் முதல் மாணவர், கல்லூரிக்குப் பணமில்லை. பெட்ரோல் பங்க்கில் வேலை செய்தார், இறைச்சி வெட்டினார், போர்க்காலத்தில் கப்பல் கட்டும் துறையில் வெல்டராக இருந்தார். அந்த நாட்களில்தான் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்புக்கு ஊரில் ஒரு கிளை தொடங்க நூற்றைம்பது பேரைச் சேர்த்தார். கிளைக்குத் தலைவரும் ஆனார். கறுப்பினத்தவரோடு ஒரே படையில் நின்று ஒருபோதும் போரிடமாட்டேன் என்று ஒரு செனட்டருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் பிற்பாடு வெளியே வந்து, ஆயுள் முழுதும் அவரைத் தொடர்ந்தது.

1959 ஜனவரியில் செனட்டுக்குள் அவர் நுழைந்தபோது அங்கே ஒரே ஒரு பெண் இருந்தார்: மெய்ன் மாநிலத்தின் மார்கரெட் சேஸ் ஸ்மித். கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. 2010இல் அவர் விட்டுச்சென்ற சபையில் பெண்கள் 17 பேர், கறுப்பினத்தவர் ஒருவர். 2025இல் பெண்கள் 26, கறுப்பினத்தவர் 5.

1964 ஜூன் 10இன் மிச்சக் கதையையும் சொல்லவேண்டும். பேர்ட் உட்கார்ந்ததும் விவாதத்தை முடிக்கும் தீர்மானம் வாக்குக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நூறு பேரும் வந்திருந்ததால் 67. கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கிள் மூளையில் கட்டியோடு பேச்சிழந்து கிடந்தார். அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். பெயர் சொல்லி அழைத்தபோது கையை மெல்லத் தூக்கிக் கண்ணைச் சுட்டிக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் சபையில் சொல்லும் ‘ஆம்’ என்ற வாக்குக்கும் ஒலி ஒன்றே: ‘ஐ’. எழுத்தர் ஆதரவு என்று பதிந்துகொண்டார். 71க்கு 29. சிவில் உரிமை மசோதா ஒன்றில் ஃபிலிபஸ்டர் எனப்படும் அந்தத் தொடர்பேச்சு முறியடிக்கப்பட்டது அதுவே முதல்முறை. எங்கிள் அடுத்த மாதம் காலமானார்.

2009 டிசம்பர் 24, காலை ஏழு மணி. வெளியே பனி. இந்த முறை சக்கர நாற்காலியில் கொண்டுவரப்பட்டவர் பேர்ட். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவுக்கு எதிர்ப்பு 39, ஆதரவு 60. அந்த அறுபதில் அவர் ஒருவர். சில மாதங்களுக்கு முன் இறந்த நண்பர் டெட் கென்னடியின் பெயரைச் சொல்லி ‘ஆம்’ என்றார். 1971இல் அதே கென்னடியைத் தோற்கடித்துத்தான் பேர்ட் கட்சியின் கொறடாவாகியிருந்தார்.

இவ்விரு காலைகளுக்கு நடுவே உள்ள பாதையை, பாவம் செய்தவர் திருந்திய கதையாக எழுதிவிடுவது எளிது. பதிவேடு அதற்கு அவ்வளவாக இடம் தருவதில்லை. 1965இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டத்தை எதிர்த்தார். 1968இல் வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை ஆதரித்தார். 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல் நியமனத்துக்கு வந்தபோது எதிர்த்து வாக்களித்த 11 பேரில் ஒருவர். 1991இல் இரண்டாமவரான கிளாரன்ஸ் தாமஸையும் எதிர்த்தார், காரணம் வேறு. இருவரையும் எதிர்த்த செனட்டர் அவர் ஒருவர்தான். 1983இல் மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை விடுமுறையாக்க ‘ஆம்’ என்றார். 2001இல் தொலைக்காட்சிப் பேட்டியில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லை உதிர்த்து மன்னிப்புக் கேட்டார். 2003–04இல் கறுப்பின மக்களின் மிகப் பழைய உரிமைச் சங்கம் எடைபோட்ட 33 வாக்குகளிலும் அவருக்கு நூற்றுக்கு நூறு. 1982இல் பதின்வயதுப் பேரன் விபத்தில் இறந்த பிறகு, கறுப்பினத்தவரும் தம் பேரப்பிள்ளைகளை இப்படித்தானே நேசிப்பார்கள் என்று நினைக்கத் தொடங்கியதாக அவர் சொல்லியிருக்கிறார். நான் அதை நம்புகிறேன். அரசியல் கணக்கும் கூடவே இருந்திருக்கும்; இரண்டும் ஒரே மனத்தில் குடியிருக்க முடியாதவை அல்ல.

2009 ஜனவரியில் முதல் கறுப்பின அதிபர் பதவியேற்றார். துணை அதிபருக்கும் கீழவைத் தலைவருக்கும் அடுத்தபடியாக, அதிபர் பதவிக்கான வரிசையில் மூன்றாவதாக நின்றவர், க்ளானின் பழைய கிளைத் தலைவர்.

போரிலும் அவர் வாக்கு இடம் மாறியது. 1964 ஆகஸ்டில் வியட்நாமில் படையைப் பயன்படுத்த அதிபர் ஜான்சனுக்கு அதிகாரம் தந்த தீர்மானம் 88க்கு 2 என்று நிறைவேறியது. பேர்ட் 88இல் இருந்தார். 2002 அக்டோபரில் இராக்குக்காக அதே வகை அதிகாரம் கேட்கப்பட்டது. 77 பேர் கொடுத்தார்கள். பேர்ட் 23இல் இருந்தார். பழைய வாக்குக்காக வருந்துவதாக வெளிப்படையாகவே சொன்னார். சட்டைப்பையில் எப்போதும் அரசமைப்புச் சட்டப் புத்தகம் வைத்திருந்தவர், போர் தொடுக்கும் உரிமை நாடாளுமன்றமான காங்கிரஸுக்குரியது என்று 2003இல் காலியான இருக்கைகளைப் பார்த்துப் பேசினார். 1964இல் அவர் பேச்சு நாட்டின் காலைத் தடுக்கப் பார்த்தது. 2003இல் நாடு நின்று கேட்டிருக்கலாம்.

பேசும் முறையே மாறிவிட்டது என்பது தனிக்கதை. அன்று ஃபிலிபஸ்டர் என்றால் உடம்பு வேண்டும்: நிற்க வேண்டும், தொண்டை தாங்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஒரு மசோதா முடங்கினாலும் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் கொறடாவாக இருந்த பேர்டும் ஒருவர். 1975இல் விவாதத்தை முடிக்கத் தேவையான எண்ணிக்கை அறுபதாகக் குறைந்தது. சபை நிற்காமல் நடக்கவேண்டும் என்பதே நோக்கம். விளைவு, தடுப்பவர் எழுந்து நிற்கவே தேவையில்லை என்றாயிற்று. 1959–60 காங்கிரஸில் விவாதத்தை முடிக்கக் கொடுக்கப்பட்ட தீர்மானம் ஒன்று. 2009–10இல் 137. பேர்டின் அந்த இரவுப் பேச்சு தவறான காரணத்துக்கானது. ஆனால் யார் தடுக்கிறார், எவ்வளவு நேரம் தடுக்கிறார் என்பது ஊருக்குத் தெரிந்தது.

மாநிலத்துக்கு அவர் செய்ததைச் சொல்லாமல் பேர்டைச் சொல்ல முடியாது. 1947இல் தாம் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனபோது மேற்கு வர்ஜீனியாவில் நடுத்தடுப்புள்ள நான்குவழிச் சாலை நான்கே மைல் என்பது அவர் மேடைகளில் சொல்லிவந்த கணக்கு. 1989இல் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவரானதும், ஐந்தாண்டில் நூறு கோடி டாலரை மாநிலத்துக்குக் கொண்டுவருவேன் என்றார், இரண்டாண்டுக்குள் வந்துவிட்டது. மலைகளைக் குடைந்து நெடுஞ்சாலைகள், எஃப்.பி.ஐ.யின் கைரேகை மையம், கிரீன் பேங்க்கில் எந்தத் திசைக்கும் திருப்பக்கூடியவற்றில் உலகிலேயே பெரிய ரேடியோ தொலைநோக்கி. பலவற்றுக்கு அவர் பெயர். வரிப்பணத்தைச் சொந்த ஊருக்கு அள்ளுகிறவர் என்று பிற மாநிலத்தார் ஏசினார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

சாலைகள் வந்தன, மக்கள் அவற்றில் வெளியேறினார்கள். 1950இல் அங்கே மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2020இல் சுமார் 17.9 லட்சம். 1953இல் பேர்ட் கீழவைக்குப் போனபோது மாநிலத்துக்கு அங்கே ஆறு இடங்கள்; இன்று இரண்டு. 1950இல் நிலக்கரி வெட்டியவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். இன்று பதினைந்தாயிரத்துக்கும் குறைவு. தொழிற்சங்கம் வலுவாக இருந்த அந்த நாட்களில் மாநிலம் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அதிபர் தேர்தலில் அக்கட்சி அங்கே கடைசியாக வென்றது 1996இல். 2024இல் டிரம்ப்புக்கு அங்கே சுமார் 70 விழுக்காடு.

அதனால்தான் நிலக்கரி பற்றிய அவருடைய கடைசி வாக்கு எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. 1997இல், வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத எந்தப் பருவநிலை ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் பேர்ட். 95க்கு 0. கியோட்டோ ஒப்பந்தத்தின் கதவு அமெரிக்காவில் அன்றே சாத்தப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2009 டிசம்பரில், மாற்றம் வந்துகொண்டிருக்கிறது, நிலக்கரித் தொழில் அதை மறுப்பதை விட்டு எதிர்கொள்ளப் பழக வேண்டும் என்று தம் மாநிலத்தாருக்கு எழுதினார். 2010 ஏப்ரல் 5 அன்று ராலே மாவட்டத்தில் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 29 பேர் இறந்தார்கள். சிறுவயதில் அவர் வளர்ந்த மாவட்டம் அது. இரண்டு மாதம் கழித்து வந்ததுதான் அந்த இரண்டாவது ஜூன் 10. சிவில் உரிமையில் அவர் மாறியபோது நாடு முன்பே மாறியிருந்தது. நிலக்கரியில் அவர் மாறியபோது அவருடைய மாநிலம் மாறியிருக்கவில்லை.

பின்னர் அவர் இருக்கைக்கு அவர் கட்சியின் ஜோ மான்சின் வந்தார். கட்சியோடு பல முறை முரண்பட்டு, 2024இல் சுயேச்சையாகி, அந்த ஆண்டுத் தேர்தலில் நிற்காமல் ஒதுங்கினார். 1958இல் ஒரு குடியரசுக் கட்சிக்காரரிடமிருந்து பேர்ட் வென்றெடுத்த அந்த இடம், 66 ஆண்டுக்குப் பிறகு அதே கட்சிக்குத் திரும்பியது. இப்போது அதில் இருப்பவர் ஜிம் ஜஸ்டிஸ். நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ள குடும்பம் அவருடையது.