பாட்டில்ல என்ன இருக்கு பாஸ்?

'பாண்டிக்குப் போறேன்'னு சொன்னா போதும், 'மச்சி, எனக்கொண்ணு!' என்று ஹாஸ்டலே கிளம்பிவிடும். அங்கே விலை குறைய முக்கியக் காரணம் சரக்கு அல்ல... வரி! அதனால விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க, லேபிளைப் படிங்க.

நம்ம ஊர் மலிவு விஸ்கி பலவற்றுக்கும் அடிப்படை, சர்க்கரை ஆலை மொலாசஸில் காய்ச்சிய ஸ்பிரிட்தான். ஐரோப்பாவில் தானியத்தில் வடித்து, மரப்பீப்பாயில் 3 வருஷமாவது ஊறினால்தான் அதுக்குப் பேரே விஸ்கி! அடுத்த படி, ஸ்காட்ச் கலந்த ரகம். உச்சியில் சிங்கிள் மால்ட்: ஒரே டிஸ்டில்லரி, முழுக்க மால்ட் பார்லி. பெங்களூரு அம்ருத், 2004-ல் கிளாஸ்கோவுக்கே போய் அதை அறிமுகப்படுத்தி அசத்தியது. நம்ம வெயிலில் விஸ்கி சீக்கிரம் பக்குவமாகும். ஆனா பீப்பாயிலிருந்து ஆவியாவதும் அதிகம். விலை ஏற அதுவும் காரணம்.

ருசி தெரியணுமா? 30 மில்லி, கொஞ்சம் தண்ணி, மெதுவா ஒரு சிப். கோலா ஊத்தினா காஸ்ட்லி சரக்கும் கோலாதான்!

குடிக்கும் வயசு பாண்டியில் 18, எல்லை தாண்டினா 21. மலிவோ காஸ்ட்லியோ, பெரும்பாலான இந்திய பாட்டில்களில் ஆல்கஹால் அதே 42.8 சதவிகிதம்தான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினா, வண்டி ஓட்டுவது குற்றம்: முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், 6 மாசம் வரை ஜெயில். ஈ.சி.ஆர். வளைவுகளுக்கு பிராண்ட் தெரியாது மக்கா... பைக் சாவியைக் குடிக்காத ஃப்ரெண்டுகிட்ட கொடுங்க!