முற்பகல் உணவும் கலப்புச் சமையலும்

காலைச் சிற்றுண்டியையும் நண்பகல் உணவையும் தனித்தனியே உண்ணாமல், பத்தரை மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் இரண்டையும் ஒருசேர முடித்துவிடும் வழக்கம் நம் பெருநகரங்களில் பரவி வருகிறது. இதற்குப் 'பிரஞ்ச்' என்று பெயர். 'பிரேக்ஃபாஸ்ட்', 'லஞ்ச்' என்னும் இரு சொற்களை முறித்து ஒட்டவைத்த சொல் இது. கை பெரிஞ்சர் என்னும் ஆங்கிலேயர் 1895-இல் வார இதழொன்றில் இவ்வுணவுக்காகப் பரிந்து ஒரு கட்டுரை எழுதினார். சனிக்கிழமை இரவு நெடுநேரம் விழித்திருந்தவர்களை ஞாயிறு காலையில் எழுப்பித் துன்புறுத்தாமல், தாமதமாக எழுந்து நிதானமாக உண்ண விடுங்கள் என்பது அவர் வாதம். விடியுமுன் வயலில் இறங்கிப் பத்து மணிக்கு வரப்பேறிக் கலயத்தைத் திறக்கும் நம் உழவனுக்கு இதில் புதுமை ஏதும் தோன்றாது. அவன் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

இந்த முற்பகல் உணவுக்கென்றே இப்போது சிறுசிறு கடைகள் எழுந்துள்ளன. ஐந்தாறு மேசைகள், ஒரு சிறிய அடுக்களை, ஒரே தாளில் அடங்கும் உணவுப் பட்டியல். அப்பட்டியலில் நம் நாட்டுப் பண்டமும் அயல்நாட்டுப் பண்டமும் ஒரே தட்டில் கைகோத்து நிற்கும். இதனைக் கலப்புச் சமையல் என்கிறார்கள். இதைக் கண்டு சிலர் நகைக்கின்றனர். சிலர் வியந்து புகழ்கின்றனர். எக்கலப்பு நிலைக்கும், எது நிலையாது என்று கேட்பவரோ சிலரே. அக்கேள்விக்கு விடை தேடப் புறப்படுவோர்க்கு, 1995 வரை பம்பாய் என்று வழங்கிய மும்பையைக் காட்டிலும் ஏற்ற ஊர் இல்லை. அங்கே கலப்பு என்பது நேற்று வந்ததன்று.

மும்பையின் ஏழை, செல்வர் அனைவரும் உண்ணும் 'பாவ்' என்னும் மெத்தென்ற ரொட்டியையே எடுத்துக்கொள்வோம். ரொட்டிக்குப் போர்த்துகீசியர் வழங்கும் பெயரிலிருந்து வந்தது அச்சொல். கோவாவில் மாவைப் புளிக்கவைக்கத் தென்னங்கள்ளைப் பயன்படுத்தினர். ஐரோப்பிய ரொட்டிக்கு நம் தென்னை தந்த புளிப்பு அது. 1661-ஆம் ஆண்டின் மண ஒப்பந்தத்தில் பம்பாய்த் தீவுகள் போர்த்துகீசிய இளவரசியின் சீராக ஆங்கில மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு வந்தன. 1668-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. கொடி மாறியது, ரொட்டி மாறவில்லை. கோவாவிலிருந்து வந்த ரொட்டிக்காரர்கள் பம்பாயில் அடுமனைகள் அமைத்தனர். மராத்தியர் உருளைக்கிழங்கைப் 'படாடா' என்பதும் போர்த்துகீசியர் வழிவந்த சொல்தான். கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. ஆகவே, கிழங்குமசாலா உருண்டையைக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்துப் பாவுக்குள் பொதிந்து தரும் வடாபாவில் எந்தப் பகுதி உள்நாடு, எந்தப் பகுதி வெளிநாடு என்று பிரிக்கப் புகுந்தால் கடலைமாவும் மசாலாவுமே மிஞ்சும். இவ்வுணவு 1966-இல் தாதர் ரயில் நிலையத்தருகே தோன்றியதென்று பலரும் சொல்வர். அதனை உண்ணும் ஆலைத் தொழிலாளியிடம் போய், நீர் உண்பது கலப்புச் சமையல் என்றால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

அடுத்தது ஈரானிக் கடைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரான் நாட்டு யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து ஜரதுஷ்டிர சமயத்தவர் பலர் பம்பாய் வந்து சேர்ந்தனர். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குஜராத்தில் குடியேறிய பார்சிகளுக்கு இவர்கள் சமயத்தால் உறவினர். வந்த காலத்தால் பிந்தியவர். தெரு முனையிலுள்ள மனை ஆகாதென்று மற்ற வணிகர் ஒதுங்க, இவர்கள் அவற்றை மலிவாகப் பிடித்தனர் என்று ஒரு கதையுண்டு. கதை எவ்வாறாயினும், முனைக்கடைக்கு இரு தெருவிலும் வாசல். வெளிச்சமும் காற்றும் மிகுதி. போகிறவர் வருகிறவர் இருமடங்கு. பளிங்குப் பலகை பதித்த மேசைகள், வளைத்த மரத்தால் ஆன நாற்காலிகள், பிஸ்கோத்து நிறைந்த கண்ணாடிச் சாடிகள், சுவரில் நிலைக்கண்ணாடி, வாடிக்கையாளர் செய்யத்தகாதவற்றை வரிசையாகச் சொல்லும் அறிவிப்புப் பலகை ஆகியவை அக்கடைகளின் அடையாளம். தோபி தலாவில் கியானி கடை 1904-இலும், கிராண்ட் ரோடு நிலையத்தருகே மெர்வான் கடை 1914-இலும், பல்லார்டு எஸ்டேட்டில் பிரிட்டானியா 1923-இலும் தொடங்கின.

இக்கடைகளின் காலை உணவைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். 'அக்கூரி' என்றொரு முட்டைப் பண்டம். வெங்காயம், பச்சைமிளகாய், தக்காளி, கொத்துமல்லி இவற்றை வதக்கி முட்டையை ஊற்றிக் கிளறுவர். நம் வீட்டு முட்டைப் பொடிமாஸ்தானே என்று எண்ணலாம். ஆனால் பொடிமாஸ் உதிரும்வரை நாம் கிளறுகிறோம். அக்கூரியையோ ஈரம் வற்றுமுன்பே, தளதளவென்று இருக்கும்போதே இறக்கிவிடுவர். அவ்வாறு இறக்குவதற்குக் காரணம் பக்கத்தில் இருக்கும் பாவ். முட்டையின் ஈரத்தையும் மிளகாயின் காரத்தையும் அது உறிஞ்சிக்கொள்கிறது. பாவ் இல்லையேல் அக்கூரி ஒழுகும். அக்கூரி இல்லையேல் பாவ் வெறும் ரொட்டி. கொத்துக்கறியும் பாவும் சேர்வதும் இவ்வகையே. 'புருன்' என்னும் முரட்டு மேலோடு கொண்ட ரொட்டியைப் பிளந்து, வெண்ணெய் தடவித் தேநீரில் நனைத்து உண்பர். மேலோடு கடினமாயிருப்பதால்தான் அது கோப்பைக்குள் கரைந்து விழுவதில்லை.

'மாவா கேக்' என்பது இன்னும் நுட்பமானது. உருவம் ஐரோப்பியக் கேக். உள்ளே சேர்வது சுண்டக் காய்ச்சிய பால்கோவாவும் ஏலக்காயும். கோவாவில் உள்ள கொழுப்பும் பால்சத்தும் கேக்கை வறண்டுபோக விடாமல் காக்கின்றன. அதனால் அது சற்றுக் கனத்தும் நெடுநேரம் மெத்தென்றும் இருக்கும். வந்து சேர்ந்த பொருள் தட்டில் வெறும் விருந்தாளியாக அமராமல் ஏதேனும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். நாம் அறிந்தவரை கலப்புச் சமையலுக்கு இதைவிட நல்ல உரைகல் இல்லை.

நம் கிச்சடியை ஆங்கிலேயர் கொண்டுபோன கதையை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். அரிசியும் பயறும் சேர்ந்த பண்டத்தில் பயற்றை நீக்கி, புகையூட்டிய மீனையும் அவித்த முட்டையையும் சேர்த்துத் தம் நாட்டுக் காலையுணவாக்கினர். 'கெட்ஜெரி' என்று பெயரும் திரிந்தது. பயறு போன இடத்தை முட்டையும் மீனும் நிரப்பின. ஆகவே அது நிலைத்தது. நம் மிளகுத் தண்ணீரோ 'முல்லிகடானி' ஆயிற்று. விருந்தின் தொடக்கத்தில் ஒரு சூப்பு வேண்டுமென்ற அவர்கள் தேவைக்காக அதில் இறைச்சியும் அரிசியும் ஏறின. அதுவும் நிலைத்ததுதான், ஆனால் இரசம் பழகிய நாக்குக்கு அதில் மிளகைத் தேடுவதே பெரும்பாடு.

இனி, அண்மைக் காலத்தில் நடந்த ஒன்று. பம்பாயில் பிறந்து நியூயார்க்கில் புகழ்பெற்ற சமையற் கலைஞர் ஃப்ளாய்டு கார்டோஸ். 1998-இல் அந்நகரில் தொடங்கிய 'தப்லா' என்னும் உணவகத்தில் இந்திய மசாலைகளை மேனாட்டுச் சமையலோடு இணைத்தார். 'டாப் ஷெஃப் மாஸ்டர்ஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சிச் சமையல் போட்டியின் 2011-ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில் அவர் சமைத்தவற்றுள் ஒன்று உப்புமா! இத்தாலியர் மக்காச்சோள ரவையைக் களிபோலக் கிண்டும் 'பொலெண்டா'வின் பக்குவத்தில் அதனை இளக்கமாகச் செய்து, காட்டுக்காளானும் கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்த்தார். வென்றார். உப்புமா என்றதும் முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே மிகுதி. ஆகையால் இதை அழுத்திச் சொல்கிறோம். ரவைக்களியும் மக்காச்சோளக் களியும் ஒரே தொழில்நுட்பத்தின் இரு கிளைகள் என்பதை அவர் கண்டதுதான் வெற்றியின் காரணம். பின்னர் 2015-இல், மும்பை லோயர் பரேலில் ஒரு பழைய ஆலை வளாகத்தில் 'பாம்பே கேன்டீன்' என்ற உணவகத்தின் தோற்றத்தில் பங்குகொண்டார். 2020 மார்ச்சில் கொரோனா நோய் அவரைக் கொண்டுபோயிற்று.

இத்தகைய முன்னோடிகளுக்குப் பின்வந்த சிறு கடைகளுள் ஒன்றில், பாந்திராவின் சந்து ஒன்றில், நாம் ஒரு முற்பகல் உண்டோம். முதலில் வந்தது வெண்ணெய்ப்பழம் தடவிய ரொட்டி; மேலே இட்லி மிளகாய்ப்பொடி. சந்தையில் 'பட்டர் புரூட்' எனப்படும் இப்பழம் நம் பழனிமலைச் சரிவுகளிலும் குடகிலும் விளைவதே. பொடிக்கு எண்ணெய் வேண்டும் என்பதை நேயர்கள் அறிவர். எண்ணெயின்றி அது தொண்டையில் புரையேறும். இங்கே பழத்தின் கொழுப்பே எண்ணெயின் வேலையைச் செய்தது. அடுத்து, வெந்நீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை; அதன்மேல் கறிவேப்பிலை தாளித்த வெண்ணெயை முட்டைக்கருவில் சிறிது சிறிதாக அடித்துச் சேர்த்த மஞ்சள் குழம்பு. கறிவேப்பிலையின் மணம் கொழுப்பில் நன்கு இறங்கும். ஆகவே தாளிதம் இங்கே பொருத்தமே. ஆனால் தாளித்த சூட்டோடு சேர்த்தால் கரு திரிந்துபோகும். வெதுவெதுப்பாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அடுக்களையில் இருந்தவர் காத்திருந்தார் என்பது குழம்பின் வழவழப்பிலேயே தெரிந்தது.

மூன்றாவது தட்டு தேறவில்லை. மெல்லிய தோசைக்குள் தக்காளிச் சாறும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுருட்டியிருந்தனர். தோசையின் சிறப்பு இரண்டு: மாவின் புளிப்பு, ஓரத்தின் மொறுமொறுப்பு. தக்காளியின் புளிப்பு முன்னதை மறைத்தது. சாற்றின் ஈரம் பின்னதைக் கெடுத்தது. இரண்டும் போனபின் அதைத் தோசையென்று அழைப்பது பழக்கத்தின் காரணமாகவே. மொத்தையான கல்தோசையாக வார்த்திருந்தால் ஒருவேளை தாங்கியிருக்கும்.

உணவைக் குறித்து இவ்வளவு சொன்னோம். உண்பவரைக் குறித்தும் சொல்ல வேண்டும். அக்கடையில் இருந்தவர் அனைவரும் ஒரே தரத்தவர். கட்டணச் சீட்டைக் கண்டதும் காரணம் விளங்கிற்று. பழைய ஈரானிக் கடையின் நிலை வேறு. சாதிக்கும் சமயத்துக்கும் தனித்தனிச் சிற்றுண்டிச் சாலைகள் இருந்த காலத்தில், அங்கே பெரும்பாலும் காசு கொடுத்த எவரும் எந்த நாற்காலியிலும் அமரலாம். சுமைகூலிக்காரரும் வழக்கறிஞரும் கல்லூரி மாணவரும் ஒரே பளிங்கு மேசையில் முழங்கை ஊன்றினர். தட்டில் நிகழ்ந்த கலப்பைக் காட்டிலும் மேசையில் நிகழ்ந்த கலப்பே அரியது என்பது நம் கருத்து. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நூற்றுக்கணக்கில் இருந்த அக்கடைகள் இன்று சில பத்துகளாகக் குறைந்துவிட்டன. மனைவிலை வானளாவியது, பிள்ளைகள் வேறு தொழில்களை நாடினர், விரைவாகப் பரிமாறும் உடுப்பிக் கடைகள் போட்டிக்கு வந்தன. ஒரு தேநீருக்கு ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பவரை வைத்துக்கொண்டு, பெருகிவரும் செலவைச் சமாளிப்பது எளிதன்று. புதிய கடைகளின் விலைக்கும் இதே கணக்கு ஒரு காரணம். அவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

மும்பைக்குச் செல்வோர் முதல் நாள் ஈரானிக் கடையிலும், மறுநாள் புதிய கடையிலுமாக உண்டு பார்க்கலாம். ஈரானிக் கடைக்குக் காலையிலேயே போவது நலம். மாவா கேக் விரைவில் தீர்ந்துவிடும். புதிய கடைக்கு ஞாயிறு தவிர்த்த நாளே நன்று. கூட்டமில்லாதபோது சமைப்பவரே மேசைக்கு வந்து செய்முறை சொல்லக்கூடும்.

இவ்விருவகைக் கடைகளுக்கும் வடாபாவ் வண்டிகளுக்கும் ஆதாரமாக நிற்கும் அடுமனைகளைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. மும்பையின் பாவ் நெடுங்காலமாக விறகடுப்பில் வெந்து வந்தது. நகரின் காற்று மாசை முன்னிட்டு, விறகும் கரியும் எரிக்கும் அடுமனைகள் ஆறு திங்களில் எரிவாயு முதலிய தூய எரிபொருளுக்கு மாறவேண்டுமென்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஆணையிட்டது. காற்று தூயதாதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அடுமனையில் நின்று புகையை முதலில் விழுங்குபவரும் ரொட்டிக்காரரே. ஆயினும் புது அடுப்புக்கு முதல் வேண்டும். விறகின் வெப்பம் ஊறிய செங்கல் அறை தரும் மேலோட்டையும் நிறத்தையும் வேறு அடுப்பில் வரவழைக்கக் கை புதிதாகப் பழக வேண்டும். பாவின் விலை ஏறுமாயின் வடாபாவின் விலையும் ஏறும். முற்பகல் பதினொரு மணிக்கு, காலையுணவும் பகலுணவும் அது ஒன்றே என்று வண்டியருகே நின்றபடி உண்பவர்கள் அவ்வூரில் எண்ணற்றோர்.